தானாகக் கிளம்ப வேண்டிய ஜெனரேட்டர்

வேலூரில் நான் இறங்கிய அன்று காலை ஒன்பது மணிக்கே வெயில் கண்ணைத் திறக்கவிடவில்லை. ஈப்போவிலும் வெயில் உண்டு. ஆனால் எங்கள் மலேசிய வெயில் ஈரமானது. சட்டை முதுகில் ஒட்டும், சாயங்காலம் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போகும். இங்கே வியர்வை வருவதும் தெரியவில்லை, காய்வதும் தெரியவில்லை. ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் என் பெட்டியையும் சிவந்துபோன முகத்தையும் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கா?" என்று கேட்டார். வெளியூர் முகத்தைக் கண்டால் வேலூரில் எல்லாரும் கேட்கிற கேள்வி.

"தம்பியைக் கூட்டிப் போக வந்தேன்."

"சரியாய்டும்மா," என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிக்கொண்டார். சரியாகாது என்று எட்டு மாதங்களுக்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

என் தம்பி தினகரன் ஆம்பூரில் ஆறு வருடம் இருந்தான். வெளிநாட்டுக் காலணிக் கம்பெனி ஒன்றுக்குத் தர ஆய்வு செய்யும் வேலை. தைத்து முடித்த ஷூக்களைக் கையில் எடுத்துப் பார்த்து, இது போகும், இது போகாது என்று சொல்ல வேண்டும். ஒருநாள் மாலை சென்னையிலிருந்து திரும்பும்போது, பள்ளிகொண்டா அருகே, அவன் வந்த கார் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியது. காரை ஓட்டிய ஏழுமலை அங்கேயே இறந்துபோனார். தினகரனுக்குக் கழுத்தில் தண்டுவடம் நசுங்கியது. வலது கையைக் கொஞ்சம் தூக்குவான். கழுத்துக்குக் கீழே அவ்வளவுதான்.

சத்துவாச்சாரியில் ஒரு கீழ்த்தள வீட்டை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ள டேனியல் என்பவர் கூடவே இருந்தார். அதே பகுதிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும், ஆஸ்பத்திரியில் உதவியாளராக வேலை செய்தவர். நான் உள்ளே போனபோது அவர் ஈரத் துணியால் தம்பியின் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கரண்ட் போயி கால் மணி நேரம் ஆச்சுக்கா," என்றார். "இவருக்கு வேர்க்காது. ரூம் எவ்ளோ சூடோ, இவரும் அவ்ளோ சூடு. ஏசி நின்னா எனக்கு உயிரே போய்டும்."

தண்டுவடம் போனவர்களுக்கு வியர்க்காது என்பதை நான் படித்திருந்தேன். பார்த்தது அன்றுதான். தம்பியின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது. நெற்றியில் ஒரு பொட்டு ஈரமில்லை, டேனியலின் துணி விட்டுப்போனதைத் தவிர.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் சொன்னான். அவன் குரலும் பாதியாகிவிட்டது. மூச்சைச் சேர்த்து வைத்துத்தான் பேச வேண்டும். "அக்கா, வீட்டுக்குப் போறதுக்கு முன்னால மாதனூர் போகணும். ஏழுமலையோட மனைவியப் பார்க்கணும்."

"அவங்களை இங்கே வரச் சொல்லலாமே."

"நான் போகணும். அவங்க வரக் கூடாது."

எதற்கு என்று கேட்டேன். சொல்லவில்லை. ஆனால் எப்படிப் போவது என்பதை யோசித்து வைத்திருந்தான். ஆம்பூரில் இம்தியாஸ் பாய் என்று ஒரு தோல் வியாபாரி. அவரிடம் ஒரு கேரவன் இருந்தது. சினிமாக்காரர்கள் வைத்திருப்பார்களே, கட்டில், ஏசி, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி, அது. வெளிநாட்டிலிருந்து வரும் வியாபாரிகளுக்காக வாங்கியது. கல்யாணங்களுக்கும் விடுவார். தினகரனுக்காக அதைச் சும்மாவே தருகிறேன் என்றிருந்தார். ஒரே ஒரு தொல்லை. பேட்டரி இறங்கும்போது தானாகக் கிளம்ப வேண்டிய ஜெனரேட்டர் அதில் கிளம்புவதில்லை.

"நீ சார்ஜ்மேன்தானே," என்றான் தம்பி, சிரிக்கப் பார்த்து. "சரி பண்ணு."

ஈப்போவில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக மின்சாரப் பிரிவில் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாதனங்களுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். அங்கே ஒரு கொட்டகை நிறைய ஜெனரேட்டர்கள். ஒரு வண்டியின் சின்ன ஜெனரேட்டர் என்னை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அந்தப் பயணத்தில் எனக்கு இருந்த கடைசி நம்பிக்கை அதுதான் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் ஆம்பூர் என்று சொல்லித்தான் சீட்டு வாங்கினேன். பஸ் ஊருக்குள் போகாதாம். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக நிறுத்தி, "எறங்கும்மா, இதான் ஆம்பூர்," என்றார். சுற்றிலும் ஆம்பூரைக் காணோம். பிரியாணிக் கடைப் பலகைகள் மட்டும் இருந்தன. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தேன். வழியில் ஒரு பழவண்டிக்காரர் கூப்பிட்டு, நான் கேட்காமலே ஒரு நுங்கை உரித்துக் கொடுத்தார். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

இம்தியாஸ் பாயின் வளாகத்தில், உப்புத் தடவிய தோல்கள் அடுக்கிய கொட்டகைக்குப் பக்கத்தில் கேரவன் நின்றது. ஒரு வருடமாக அங்கேயே நிற்கிறதாம். அந்த வாசனையைப் பற்றி எழுதிப் புரியவைக்க முடியாது. முதல் பத்து நிமிடம் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தேன். பிறகு பொத்துவதும் பொத்தாததும் ஒன்றாகிவிட்டது.

பாய் உயரமானவர், ஐம்பதைத் தாண்டியவர், மெதுவாகப் பேசுபவர். "மூணு மெக்கானிக் பாத்துட்டாங்க மேடம். ஒருத்தர் சரின்னுட்டுப் போவாரு, மறுநாள் பேஜார் பண்ணும். கையால சுவிட்ச் போட்டா கிளம்புது. தானா மட்டும் கிளம்ப மாட்டேங்குது."

ஜெனரேட்டருக்கு மேலே சுவரில் ஒரு சிறிய பெட்டி இருந்தது. பேட்டரியைக் கவனித்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. மின்சாரம் இறங்கினால் அது ஜெனரேட்டரைக் கிளப்பும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் ஒரு மெல்லிய வயர் வழியாக 'ஓடுகிறேன்' என்று பதில் வர வேண்டும். பதில் வராவிட்டால், ஓடுகிற எஞ்சினையும் நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பும். மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஓய்ந்துவிடும்.

ஏசியைப் போட்டு பேட்டரியை இறக்கிப் பார்த்தேன். பெட்டி 'டக்' என்றது. எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. பத்து விநாடி நன்றாக ஓடியது, நின்றது. மறுபடி கிளம்பியது, நின்றது. மூன்றாம் முறையும் அப்படியே. சிவப்பு விளக்கு.

பதில் வயரைப் பின்தொடர்ந்து, ஜெனரேட்டரின் வயிற்றுக்குள் இருந்த இணைப்பைக் கழற்றினேன். உள்ளே செம்பு ஊசி கன்னங்கரேலென்று இருந்தது. அதைத் தேய்த்துப் பொருத்தினேன். அடுத்த முறை பெட்டி கிளப்பியது. எஞ்சின் நிற்காமல் ஓடியது.

பாய் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. சீரகச் சம்பா அரிசி, எண்ணெயில் வெந்த கத்திரிக்காய், வெங்காயப் பச்சடி. எங்கள் ஊரில் பிரியாணிக்குக் குழம்பு ஊற்றாமல் யாரும் சாப்பிடமாட்டார்கள். இதற்கு அது தேவைப்படவில்லை. வேலை முடிந்த நிம்மதியில் இரண்டு முறை போட்டுக்கொண்டேன். கை கழுவிவிட்டு வந்தபோது சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் முழுவதும் அப்படியே போனது. ஒரு இணைப்பைச் சரிசெய்தால் அடுத்தது காலை வாரும். எர்த் வயரை மாற்றினேன், இரண்டு மணி நேரம் ஓடியது. ஃபியூஸின் கவ்விகளைத் தேய்த்தேன், ஒரு மணி நேரம். எந்தப் பழுதும் நான் பார்க்கும்போது வரவில்லை. மீட்டரை வைத்தால் எல்லாம் சரியாகக் காட்டும், எடுத்தால் போய்விடும். மதியம் இரண்டு மணிக்கு அந்தத் தகரக் கூட்டுக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, கையில் விளக்கோடு, நான் அழுதேன். ஜெனரேட்டருக்காக அழவில்லை. தினகரன் சின்ன வயதில் என் சைக்கிளின் பின்னால் ஓடிவருவான். அந்தக் கால்கள் இப்போது எங்கே போயின என்று திடீரென்று தோன்றியது.

வெளியே வந்தபோது பாய் டீ வைத்துக்கொண்டு நின்றார். கண்ணைப் பார்த்திருப்பார், காட்டிக்கொள்ளவில்லை. டம்ளரை வாங்கும்போது அவர் விரலில் இருந்த மோதிரத்தைப் பார்த்தேன். இரும்பு மாதிரி கறுத்திருந்தது.

"வெள்ளிதான் மேடம்," என்றார். "இங்க வெள்ளி நிக்காது. தோல் ஊற வெக்கிற தண்ணில இருந்து ஒரு காத்து வரும். என் பொண்ணு கொலுசெல்லாம் மாசம் ஒரு தடவ பாலிஷ் போடணும்."

டீயை அப்படியே கீழே வைத்தேன். கெட்டுப்போனது ஏதோ ஒரு இணைப்பு மட்டும் இல்லை. வண்டியில் இருந்த செம்பும் வெள்ளியும் மொத்தமாக ஒரு வருடம் அந்தக் காற்றைக் குடித்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற ஊசிகளைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். மின்சாரத்தைத் தொடுத்தும் துண்டித்தும் விடுகிற, மூடிய ரிலேக்களுக்குள்ளே இருக்கும் வெள்ளி முனைகளை யார் தேய்ப்பது?

நான்காம் நாள் கேரவனை சத்துவாச்சாரிக்குக் கொண்டுவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார் பாய். அன்று மாலை வேலூரில் நான்கைந்து கடை ஏறி இறங்கினேன். பெட்டிக்கென்றே செய்த ரிலே கிடைக்கவில்லை. லாரி ஹாரனுக்குப் போடும் ரிலே பொருந்தும் என்று கடைக்காரர் ஒருவர் சொன்னார். பொருந்தியது.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் பேட்டரி வயர்களைக் கழற்றி, எல்லா முனைகளையும் புதுப்பித்து, ரிலேக்களை மாற்றிவிட்டு, ஏழு மணிக்கு மறுபடி பூட்டினேன். மதியம் ஒன்றுக்குள் நான்கு முறை பேட்டரியை இறக்கிப் பார்த்தேன். நான்கு முறையும் கிளம்பியது. பேட்டரி மட்டுமே ஏசியை நாற்பது நிமிடம் தாங்கியது. டேனியல் ஒவ்வொரு முறையும் கைதட்டினார். தினகரன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போலாமாக்கா?"

"போலாம்," என்றேன்.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். பாய்தான் ஓட்டினார். ஜெனரேட்டரைக் கையால் கிளப்பி ஓடவிட்டிருந்தேன். பள்ளிகொண்டா தாண்டும்போது தினகரன் கண்ணை மூடிக்கொண்டான். பாய் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்தார்.

மாதனூரில் அந்தத் தெருவுக்குள் கேரவன் போகவில்லை. தாழ்ந்து தொங்கிய மின்கம்பி ஒன்று தடுத்தது. தெருமுனையில் தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் நிறுத்தினோம். நிழல் இல்லை. ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றது. சாப்பாட்டுப் பைகளோடு இறங்கிய பெண்களில் ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு நேராக வந்தாள். ஏழுமலையின் மனைவி மல்லிகா. முப்பது வயதுக்கு மேல் இருக்காது. தையல் பிரிவில் வேலை. விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது.

தினகரன் எல்லாரையும் வெளியே போகச் சொன்னான். ஜெனரேட்டர் ஓடினால் அவன் குரல் கேட்காது. அதனால் அதை நிறுத்தி, பெட்டியைத் 'தானாக' என்ற நிலைக்கு மாற்றினேன். நாற்பது நிமிடம் பேட்டரி ஓடும், அதற்குள் பேசி முடிக்காவிட்டால் தானே கிளம்பும் என்று அவனிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு நாங்கள் மூன்று பேரும் சாலைக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போனோம்.

டீக்கடையில் பாய் யாரிடமோ மாட்டுத்தோல் விலை பேசிக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடம். இருபத்தைந்து. இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். நாற்பது என்பது காலை நேரத்துக் கணக்கு. மாலை வெயில் முழுதும் வண்டியின் பக்கவாட்டில் விழும்போது ஏசி எவ்வளவு இழுக்கும் என்று நான் கணக்குப் போடவில்லை. அரை மணி ஆகும்போது கேரவன் கதவு படாரென்று திறந்தது.

"யாராச்சும் வாங்க! இவரு இன்னாமோ மாதிரி ஆய்ட்டாரு!"

உள்ளே போனதும் அடுப்பைத் திறந்த மாதிரி இருந்தது. தினகரனின் கண்கள் பாதி திறந்திருந்தன. உதடு அசைந்தது, வார்த்தை வரவில்லை. தோல் காய்ந்து கொதித்தது. நான் பாய்ந்து கையால் சுவிட்சைப் போட்டேன். ஜெனரேட்டர் ஒரே இழுப்பில் கிளம்பியது. அவ்வளவு சுலபமாக.

டேனியல் அவன் சட்டையைக் கிழித்தார். மல்லிகா வெளியே ஓடி, குடத்தோடு வந்து, தன் துப்பட்டாவை நனைத்து அவன் மார்பிலும் கழுத்திலும் போட்டாள். அக்கம்பக்கத்திலிருந்து யாரோ ஐஸ் கொண்டுவந்தார்கள், யாரோ விசிறினார்கள். அவள் துணியைப் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டே இருந்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள், ஆனால் அது பயத்தின் அழுகை மாதிரி தெரியவில்லை. "உன்ன நான் மன்னிக்கல," என்று அவனிடம் சொன்னாள். "கேக்குதா? மன்னிக்கல." சொல்லிக்கொண்டே அடுத்த துணியைப் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் உயிர் பிழைத்தான். காய்ச்சல் இரண்டு நாள் இறங்கவில்லை. மூன்றாம் நாள்தான் என்னிடம் பேசினான்.

"ஏசி நின்னது உனக்குத் தெரியலையா?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது."

"அப்போ ஏன் அவங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா எழுந்து போயிருவாங்க. பாதிதான் சொல்லியிருந்தேன்."

என்ன சொன்னான் என்று அன்றைக்குத்தான் எனக்கும் சொன்னான். விபத்து நடந்த அன்று ஏழுமலை விடியற்காலையிலிருந்து வண்டி ஓட்டியிருக்கிறார். கண் எரியுது சார், நிறுத்தி ஒரு டீ குடிச்சிட்டுப் போலாம் என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். ஆம்பூரில் ஆறு மணிக்கு ஒரு சரக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போய்க் குடிச்சிக்கலாம், ஓட்டுங்க என்று என் தம்பி சொல்லியிருக்கிறான். இரண்டாம் முறை கொஞ்சம் கோபமாகவே. எட்டு மாதமாக அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ்காரர்கள் கேட்டபோதும் சொல்லவில்லை.

அன்று மதியம் நான் கேரவனுக்குள் போய் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். பழுது எங்கே என்று தெரியாமல் ஊருக்குப் போக என்னால் முடியாது. வயர்கள் எல்லாம் சரி. ரிலேக்கள் சரி. சின்னத் திரையில் ஒரு மூலையில் பிறைநிலா மாதிரி ஒரு குறி இருந்தது. பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டு போனேன். கடைசிப் பக்கத்தில் கடிகாரம் வந்தது. என் கைக்கடிகாரத்தில் மணி மூன்று. அதில் இரவு எட்டு.

பாய்க்குப் போன் செய்து அந்தப் பிறைக் குறியைப் பற்றிக் கேட்டேன். "அது நான்தான் மேடம் வெச்சேன்," என்றார். "கல்யாணத்துல விருந்தாளிங்க தூங்கறப்ப சத்தம் வரக் கூடாதுன்னு. நைட்டு பத்து மணிலேர்ந்து காலைல வரைக்கும் தானா கிளம்பாது. ஏன், இன்னா ஆச்சு?"

காலை ஏழு மணிக்கு நான் பேட்டரியை மறுபடி பூட்டியபோது அதன் கடிகாரம் அழிந்து, பகல் பன்னிரண்டிலிருந்து எண்ணத் தொடங்கியிருக்கிறது. மதியம் வரை நான் செய்த சோதனைகள் எல்லாம் அதற்கும் பகல்தான். மாதனூரில் மாலை ஆறு மணிக்கு, வெயில் வண்டியைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, அதன் கணக்கில் இரவு பதினொன்று. யாரோ தூங்குகிறார்கள் என்று அது சும்மா இருந்திருக்கிறது. பெட்டியில் ஒரு பழுதும் இல்லை. கடிகாரத்தைத் திருத்த அரை நிமிடம் ஆனது. இருபத்தாறு வருட அனுபவம் உள்ள நான் அந்த அரை நிமிடத்தைச் செலவழிக்கவில்லை. வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். டேனியல் வந்து கூப்பிட்ட பிறகுதான் கீழே இறங்கினேன்.

மறுநாள் மாலை தனியாக மாதனூர் போனேன், இந்த முறை டவுன் பஸ்ஸில். மல்லிகா துவைத்த துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நன்றி சொன்னேன். மெஷின் நின்றது என் தவறு என்றும் சொன்னேன்.

"பீப் பீப்னு கத்திச்சு. போன்னு நெனச்சேன்," என்றாள். "எப்படி இருக்காரு?"

"பிழைச்சிட்டான். அஞ்சு நாள்ல ஊருக்குக் கிளம்பறோம்."

ஒரு சட்டையை உதறிப் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இந்தத் தெருவுல எல்லாரும் இன்னா சொல்றாங்க தெரியுமாக்கா? எம் புருசன் குடிச்சிட்டு ஓட்டினாரு, அவரும் செத்து ஒரு பெரிய மனுசனையும் படுக்க வெச்சிட்டாருன்னு. அவரு அண்ணனே நம்புறாரு. பஸ்ல எம் பக்கத்துல குந்தினு பேசுவாங்க. எங்கிட்ட சொல்லி இன்னா? நான் எப்பவும் அத நம்பல. தெருவுல சொல்லச் சொல்லுங்க."

"வெயில்ல அவனைக் கொண்டுவர முடியாதும்மா. பார்த்தியே. போன்ல பேசிப் பதிஞ்சு..."

"போன் வேணாம். காலைல ஏழு மணிக்கு வெயில் ஜாஸ்தி இல்ல. கம்பெனி பஸ்ஸுக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். டாக்டரிடம் கேட்டேன். நேராக விமான நிலையம் போகத்தான் அனுமதி, வேறெங்கும் அழைத்துப் போகாதீர்கள் என்றார். அவர் சொன்னதை அப்படியே தினகரனிடம் சொன்னேன். அவள் சொன்னதையும் சொன்னேன். மறைக்கலாமா என்று யோசித்தேன்தான். ஏற்கெனவே ஒருவன் மறைத்து வைத்து இவ்வளவும் ஆகியிருந்தது.

கிளம்புகிற அன்று விடியும்போதே சாமான்களை ஏற்றினோம். சென்னை போகக் கிழக்கே திரும்ப வேண்டும். நெடுஞ்சாலை வந்ததும் தினகரன், "பாய், மாதனூர்," என்றான். பாய் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். வண்டி மேற்கே திரும்பியது. வழி முழுவதும் நான் ஜெனரேட்டர் சுவிட்சின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, விரலை அதன் மேலேயே வைத்திருந்தேன்.

ஆறே முக்காலுக்கு அதே தண்ணீர்த் தொட்டி. இருபது பேர் இருப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். தூக்குப் பை, அடையாள அட்டை, தலையில் பூ. ஏழுமலையின் அண்ணனும் நின்றிருந்தார். கதவை முழுதாகத் திறந்து, தினகரனை நாற்காலியில் மார்போடு வாரால் கட்டி வாசலில் உட்காரவைத்தார் டேனியல். ஏசியும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை. காற்று இதமாகத்தான் இருந்தது. ஆனால் தினகரன் பேசத் தொடங்கியதும் முன்னால் நின்ற இரண்டு பேரைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. காய்ச்சலுக்குப் பிறகு குரல் இன்னும் உள்ளே போயிருந்தது.

"இன்னா சொல்றாரு?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

மல்லிகா படிக்கட்டில் ஏறி அவன் வாய்க்கருகே நின்றாள். அவன் ஒரு வரி சொன்னான். அவள் திரும்பித் தெருவைப் பார்த்து அதையே உரக்கச் சொன்னாள்.

"காலைல நாலு மணிலேர்ந்து ஓட்டினு இருந்தாராம்."

அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டான்.

"கண்ணு எரியுதுன்னு சொன்னாராம். டீ குடிச்சிட்டுப் போலாம்னு கேட்டாராம். இவரு வேணாம்னாராம்."

அடுத்த வரிக்கு வெகுநேரம் ஆனது. டேனியல் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டாவது தடவையும் கேட்டாராம். இவரு திட்டினாராம்." அவள் குரல் அங்கே ஒரு கணம் உடைந்து, மறுபடி எழுந்தது. "தப்பு இவரோடதாம். ஏழுமலையோடது இல்லியாம்."

வயதான பெண் ஒருத்தி, கேட்கக்கூடாத கேள்வி என்று தெரிந்தே கேட்பது மாதிரி, மெதுவாகக் கேட்டாள்: "அப்ப ஏழுமல குடிக்கலியா?"

"டீதான் கேட்டாரு," என்றாள் மல்லிகா. "அதுகூடக் குடிக்கல."

ஏழுமலையின் அண்ணன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு தொட்டியின் பின்பக்கம் போனார். சாலையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். போகும்போது சிலர் தினகரனைப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. மல்லிகா கடைசியாக இறங்கிப் போனாள். பஸ்ஸில் முன் இருக்கையில் இருந்த ஒருத்தி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டதை ஜன்னல் வழியே பார்த்தேன்.

பஸ் போன பிறகும் தினகரன் அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது.

"கதவைச் சாத்துக்கா," என்றான்.

சாத்தினேன். சுவிட்சைக் கையாலேயே போட்டேன்.